போவாக் குட்டி இரண்டு வாங்கலாமா?

தம்பி கேட்டிருப்பது இதுதான். இங்கிலாந்தின் கவென்ட்ரியில் மனைவியோடு வாடகை வீட்டில் இருக்கிறார். இருவருக்கும் பாம்பென்றால் ஆசை. பாம்புகளை இனப்பெருக்கம் செய்து விற்கிற தெரிந்த ஒரு பிரீடரிடம் ஒரே ஈற்றில் பிறந்த, இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்கிற போவாப் பாம்பின் குட்டிகள் ஆணும் பெண்ணுமாக இரண்டு இருக்கின்றன. சேர்த்து எடுத்தால் விலை குறைப்பதாக அவர் சொல்கிறார். வீட்டில் பழைய நான்கடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. இரண்டையும் அதில் விடலாமா, என்ன தீனி கொடுப்பது, எவ்வளவு சூடு வைப்பது என்று கேட்கிறார்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வளர்க்கலாம், தவறில்லை. ஆனால் இரண்டுக்கும் தனித்தனி வீடு வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் கொண்டுவர வேண்டாம். அப்புறம், கூடப் பிறந்த இந்த இரண்டையும் ஜோடி என்று நினைக்கவே வேண்டாம். நான் பர்மிங்காமில் பதினான்கு வருடமாகப் போவா வளர்க்கிறேன், இப்போது வீட்டில் நான்கு இருக்கின்றன. பட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஜோடி என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிற பெரும்பாலானோர் இங்கேதான் தவறுகிறார்கள். கிளி, புறா மாதிரி துணை தேடி ஏங்குகிற பிராணி இல்லை போவா. காட்டில் அது தனியாகத்தான் திரியும். இனச்சேர்க்கைக் காலத்தில் மட்டும் ஆண் பெண்ணைத் தேடி வரும், காரியம் முடிந்ததும் அதன் வழியில் போய்விடும். ஒரே பெட்டியில் இரண்டை விட்டால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு கிடக்கும். பார்க்கிற நமக்குப் பாசமாகத் தெரியும். உண்மையில் அந்தப் பெட்டியில் கதகதப்பாகவும் மறைவாகவும் இருக்கிற இடம் அது ஒன்றுதான், இரண்டுக்கும் அதுவே வேண்டும்.

தீனி போடும் நாள்தான் பெரிய ஆபத்து. எலி வாசனை இரண்டின் மேலும் ஒட்டியிருக்கும். ஒரே எலியை இரண்டு பக்கமிருந்து இரண்டும் கவ்விக்கொண்டால் எதுவும் விடாது. விழுங்கிக்கொண்டே வருகிற பாம்பு எதிரே இருக்கிற தலையையும் சேர்த்து விழுங்கப் பார்க்கும். இரண்டாவது சிக்கல், காலையில் பெட்டியைத் திறந்தால் ஒரு மூலையில் கக்கிய எலி கிடக்கும், கக்கியது எது என்று உங்களுக்குத் தெரியாது. மூன்றாவது, பெண் போவா முழு வளர்ச்சிக்கு மூன்று நான்கு வருடம் எடுக்கும். ஆண் கூடவே இருந்தால் உடம்பு தேறுவதற்குள் சினை பிடித்துவிடலாம். போவா முட்டையிடாது, குட்டி போடும். ஒரு ஈற்றுக்கு இருபது முப்பது சாதாரணம், அறுபது வரைகூடப் போகும். அதுவும் கூடப் பிறந்தவற்றின் குட்டிகள். அவற்றை யாரிடம் கொடுப்பீர்கள்?

பிரீடர் சொல்கிற ஆண், பெண் கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். 'பாம்பின் கால் பாம்பறியும்' என்பார்கள். போவாவுக்கு உண்மையிலேயே கால் உண்டு! ஆசனவாயின் இரு பக்கமும் சின்ன நகம் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பின்னங்காலின் மிச்சம் அது. ஆணுக்கு அது பெரிதாகவும் வளைந்தும் இருக்கும், பெண்ணுக்குச் சிறிதாக இருக்கும். ஆனால் குட்டியில் அதை வைத்துத் தீர்மானமாகச் சொல்ல முடியாது. பழகியவர் மெல்லிய கம்பி விட்டுப் பார்த்துச் சொல்வதுதான் நம்பகமானது. அதை நீங்களே செய்து பார்க்காதீர்கள், உள்ளே கிழித்துவிடும். இங்கே பிரிட்டனிலேயே 2024-இல் நடந்ததைப் பாருங்கள். போர்ட்ஸ்மத் நகரக் கல்லூரி ஒன்றில் ரொனால்டோ என்று பெயர் வைத்து, ஆண் என்றே நினைத்து வளர்த்த பிரேசில் வானவில் போவா ஒருநாள் பதினான்கு குட்டி போட்டது. ஒன்பது வருடமாக அது வேறு எந்தப் பாம்போடும் சேர்ந்திருக்கவில்லை. ஆண் துணை இல்லாமலே கருவுறுவது போவா இனங்களில் அரிதாக நடப்பதுதான், ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எது ஆண் எது பெண் என்பதில் இத்தனை குழப்பம் வரலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, எந்தப் போவா? கடைகளில் 'சிவப்பு வால் போவா' என்று விற்பவற்றில் பெரும்பாலானவை மத்திய அமெரிக்கா, கொலம்பியா பக்கத்துப் போவா இம்பரேட்டர். அசல் சிவப்பு வால் சூரினாம், கயானா, பெரு பக்கத்தைச் சேர்ந்த போவா கன்ஸ்ட்ரிக்டர். அது இன்னும் பெரிதாகும், வயிறும் கொஞ்சம் நோஞ்சான், அடிக்கடி கக்கும். முதல் பாம்புக்கு இம்பரேட்டரே போதும். ஆண் ஐந்து ஆறு அடி, பெண் ஆறிலிருந்து எட்டடி வரை போகும். இடம் குறைவென்றால் ஆணாகப் பாருங்கள், இல்லையென்றால் ஹோண்டுராஸின் ஹாக் தீவு மாதிரி சின்னத் தீவுகளின் வழி வந்த குள்ள வகையைப் பாருங்கள். அவை ஐந்தடிக்கு மேல் போவது அபூர்வம்.

ஆயுளை நினைத்துப் பாருங்கள். இருபது முப்பது வருடம் சாதாரணம். பிலடெல்பியா விலங்குக் காட்சிச்சாலையில் 1977-இல் இறந்த ஒரு போவாவுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. 'ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள்' என்கிற கணக்கு இங்கே செல்லாது. இப்போது குழந்தை இல்லை என்று நினைக்கிறேன். இந்தப் பாம்பு இருக்கும்போதே உங்களுக்குப் பிறக்கப்போகிற பிள்ளை கல்லூரிக்குப் போய்விடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கிற வீட்டில் சால்மொனெல்லா கிருமிக்காகக் கூடுதல் கவனம் வேண்டும். பாம்பைத் தொட்டாலும் அதன் தண்ணீர்க் கிண்ணத்தைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது.

சட்டத்தைப் பொறுத்தவரை பிரிட்டனில் சாதாரணப் போவாவுக்கு உரிமம் தேவையில்லை. 1976-ஆம் ஆண்டின் ஆபத்தான வனவிலங்குகள் சட்டப் பட்டியலில் அது இல்லை. அர்ஜென்டினா போவா மட்டும் வேறு, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான உலக ஒப்பந்தத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அதை வாங்க விற்கச் சான்றிதழ் வேண்டும். உங்களுக்குச் சட்டத்தைவிட வீட்டுக்காரர்தான் முக்கியம். வாடகை ஒப்பந்தத்தில் செல்லப்பிராணி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வீடு மாறும்போது பாம்போடு தெருவில் நிற்கக் கூடாது.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கதை முற்றிலும் வேறு. இருதலை மணியன் என்று நாம் சொல்கிற மண்ணுளிப் பாம்பும் போவாவின் உறவுதான், அதுவும் குட்டிதான் போடும். அது உட்பட நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதிர்ஷ்டம் வரும், கோடிக்கு விலை போகும் என்கிற பொய்யால் அந்தச் சாதுவான பிராணி படுகிற பாட்டை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. 2023-இல் கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கிய பெட்டிகளில் 22 பாம்புகள் இருந்தன, சுங்கத்துறை பிடித்தது. வெளிநாட்டுப் பாம்பு என்று யாராவது மலிவாக நீட்டினால் அது எந்த வழியில் வந்தது என்று யோசியுங்கள்.

இனி குட்டியைத் தேர்ந்தெடுப்பது. பிரீடரின் வீட்டுக்கே போய்ப் பாருங்கள். டான்காஸ்டரில் நடக்கிற பிரீடர்கள் சந்தையிலும் நல்ல குட்டி கிடைக்கும், ஆனால் தாய் இருக்கிற பெட்டியை அங்கே பார்க்க முடியாது. குட்டியைக் கையில் வாங்கினால் அது உங்கள் விரலைச் சுற்றிப் பிடிக்க வேண்டும், ஈரத் துணி மாதிரி தொங்கக் கூடாது. மூக்கில் குமிழி, வாயோரம் எச்சில், மூச்சில் சத்தம் இருந்தால் வேண்டாம். ஆசனவாய் சுத்தமாக இருக்க வேண்டும். மல்லாக்கத் திருப்பினால் உடனே புரண்டு நிமிர வேண்டும். பிரீடரிடம் தீனிக் குறிப்பைக் கேளுங்கள். உறையவைத்து இளக்கிய எலியைக் குறைந்தது ஐந்தாறு முறை தின்றிருக்க வேண்டும். எத்தனை நாள் இடைவெளி, என்ன அளவு எலி, எப்போது சட்டை உரித்தது என்று எழுதி வைக்காதவரிடம் நான் வாங்கமாட்டேன்.

போவா வளர்ப்பவர்கள் எல்லோரும் பயப்படுகிற ஒரு நோய் உண்டு, ஐபிடி (இன்க்ளூஷன் பாடி டிசீஸ்) என்பார்கள். பாம்பு கக்கும், வாய் புண்ணாகும், முற்றிய நிலையில் தலையை அண்ணாந்து வானம் பார்த்தபடியே நிற்கும், புரட்டினால் நிமிரத் தெரியாது. மருந்து கிடையாது. இதற்குப் பின்னால் ஒருவகை அரீனா வைரஸ் இருப்பதை 2012-இல் சான் பிரான்சிஸ்கோவிலிருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு கண்டுபிடித்தது. கொடுமை என்னவென்றால், போவா இதை உடம்பில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் நன்றாகவே நடமாடும். பார்த்தால் தெரியாது, ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். ஆகவே வேறு வேறு இடத்திலிருந்து வருகிற பாம்பு ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று மாதம் வேறு அறையில் வைக்க வேண்டும். அதற்கென்று தனிக் கிண்ணம், தனி இடுக்கி. முதலில் பழைய பாம்பின் வேலையை முடித்துவிட்டு அப்புறம்தான் புதியதைத் தொட வேண்டும்.

நான் இதைச் செய்யவில்லை. என் இரண்டாவது பாம்பைத் தெரிந்த ஒருவர் மூலம் வாங்கி, பளபளவென்று இருக்கிறதே என்று முதல் பாம்பின் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். மூன்றாவது வாரம் முதல் பாம்பு நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடந்தது. சூடு அதிகமோ என்று, ஹீட்டரைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டைக் குறைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கிண்ணத்தைக் கழுவ எடுத்தபோது அடியில் கறுப்பாக ஏதோ படிந்திருந்தது. மிளகுத்தூள் சிந்தியது மாதிரி. டார்ச் அடித்துப் பார்த்தேன், அதில் ஒரு புள்ளி நகர்ந்தது. பாம்பைத் தூக்கித் தாடைக்குக் கீழே இருக்கிற மடிப்பைப் பார்த்தால் அங்கே வரிசையாக, கண்ணைச் சுற்றிச் செதில் இடுக்கில் இன்னும் நாலைந்து. பாம்புப் பேன். புதுக் குட்டியோடு வந்தது. கடுகைவிடச் சின்னது, ஆனால் முட்டையைப் பாம்பின் மேல் இடாமல் பெட்டியின் இடுக்கில் இடுவதால் பாம்பை மட்டும் கழுவிப் பயனில்லை. மரக்கிளை, பட்டை எல்லாவற்றையும் தூக்கி எறிந்து, செய்தித்தாள் விரித்து, கால்நடை மருத்துவர் கொடுத்த மருந்தைத் தெளித்து, ஒழிக்க நான்கு மாதமானது. ஐபிடி பரவுவதிலும் இந்தப் பேனுக்குப் பங்கு இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். அந்த நான்கு மாதமும் எனக்குத் தூக்கம் இல்லை.

உங்கள் இரண்டும் ஒரே ஈற்று, ஒரே அலமாரியில் வளர்ந்தவை. ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்கு நோய் வரும் பயம் இங்கே குறைவுதான். ஆனாலும் ஒன்றை முதலில் எடுங்கள் என்கிறேன். ஒரு குட்டியை வைத்துச் சூடு, ஈரம், தீனி மூன்றையும் கைக்குக் கொண்டுவரவே ஆறு மாதம் ஆகும். இங்கிலாந்தின் குளிர்காலம் ஒன்றை அந்தப் பெட்டி தாங்குகிறதா என்று பார்த்தபின் இரண்டாவதைக் கொண்டுவாருங்கள்.

பெட்டி விஷயம். மேலே திறந்த கண்ணாடித் தொட்டி வேண்டாம். சூடும் ஈரமும் மேல்வழியே போய்விடும், மூடியை நெம்பித் தள்ளிவிட்டுப் பாம்பும் போய்விடும். முன்னால் கண்ணாடி நகர்த்தித் திறக்கிற மர விவேரியம் (ஊர்வன வளர்க்கிற பெட்டி) வாங்குங்கள், கண்ணாடிக்குப் பூட்டும் போடுங்கள். வளர்ந்த ஆணுக்கு நான்கடி நீளம் இரண்டடி அகலம் குறைந்தபட்சம், பெண்ணுக்கு ஆறடி நீளம். குட்டிக்கு இரண்டடிப் பெட்டி போதும். பெரிய பெட்டியில் விடுவதென்றால் இலை, கிளை, பட்டை என்று நிரப்பி, வெட்டவெளி இல்லாமல் செய்யுங்கள். சின்ன வயதில் போவா மரம் ஏறுகிற பிராணி, ஒரு கிளையாவது வேண்டும். ஒளிந்துகொள்ள இரண்டு இடம் வையுங்கள், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. உடம்பு நான்கு பக்கமும் உரசுகிற மாதிரி நெருக்கமாக இருந்தால்தான் அதற்கு நிம்மதி.

சூடான மூலை 31, 32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25, 26. இரவில் 24 வரை இறங்கலாம். ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும், சட்டை உரிக்கிற சமயத்தில் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். அடியில் தேங்காய்நார்த் தூளோ சைப்ரஸ் பட்டையோ போடலாம், தேவதாரு மரத்தூள் கூடவே கூடாது. எந்த ஹீட்டராக இருந்தாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட ஓட விடாதீர்கள். பெட்டிக்குள் இருக்கிற பல்புக்கும் செராமிக் ஹீட்டருக்கும் கம்பிக்கூண்டு கட்டாயம். சூடு பட்டாலும் பாம்பு உடனே விலகாது, வெந்துகொண்டே கிடக்கும். தெர்மோஸ்டாட்டின் உணர்முனையைச் சுவரில் நன்றாகக் கட்டிவிடுங்கள். அது கழன்று குளிர்ந்த பக்கம் விழுந்தால், பெட்டி குளிர்ந்துவிட்டது என்று நினைத்து ஹீட்டரை ஏற்றிக்கொண்டே போகும். தனியாக இரண்டு வெப்பமானிகளை உள்ளே வைத்துத் தினமும் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

தீனியில் எல்லோரும் செய்கிற தவறு, அதிகம் போடுவது. போவா மெதுவாகச் செரிக்கிற பிராணி. கொடுத்தால் தின்னும், பசிக்காவிட்டாலும் தின்னும். மாதத்துக்கு ஓர் அங்குலம் வளர வேண்டும் என்று வாராவாரம் எலி போட்டு வளர்த்த போவாக்கள் உள்ளுறுப்பெல்லாம் கொழுப்புக் கட்டிப் பாதி ஆயுளில் சாகின்றன. நான் செய்வது இப்படி: குட்டிக்குப் பத்து, பன்னிரண்டு நாளுக்கு ஒரு சின்னச் சுண்டெலி அல்லது எலிக்குஞ்சு. ஒரு வயதுக்கு மேல் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று. வளர்ந்த ஆணுக்கு மாதம் ஒரு நடுத்தர எலியே தாராளம், ஐந்தாறு வாரம் போனாலும் கவலையில்லை. எலியின் தடிமன் பாம்பின் நடு உடம்பைவிட அதிகமாக இருக்கக் கூடாது. தின்றபின் வயிற்றில் லேசான மேடு தெரிந்தால் சரியான அளவு.

உயிரெலி வேண்டாம், மூலையில் மாட்டிய எலி பாம்பின் கண்ணைக் கடித்துவிடும். உறையவைத்ததை ஃபிரீசரில் மூடி போட்ட தனி டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மறுநாள் மாலை ஜிப் பையில் போட்டு வெந்நீரில் கால் மணி நேரம் முக்குங்கள். மைக்ரோவேவ் கூடாது. வெளியே எடுத்து வயிற்றை இரு விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே ஐஸ்கட்டி மாதிரி நெருடினால் இன்னும் ஆகவில்லை. காகிதத்தில் துடைத்து, நீண்ட இடுக்கியால் வாலைப் பிடித்துப் பாம்பின் முன்னால் மெதுவாக அசையுங்கள். நாக்கு வேகவேகமாக வரும், கழுத்து வளைந்து எஸ் மாதிரி ஆகும், அடுத்த நொடி எலி சுருளுக்குள் இருக்கும்.

அப்போது உடனே இடுக்கியை எடுத்துவிடாதீர்கள், எலியின் வாலைப் பிடித்து மெல்ல இரண்டு மூன்று முறை இழுத்து அசையுங்கள். போவா இறுக்கும்போது இரையின் இதயத்துடிப்பை உணர்ந்துகொண்டேதான் இறுக்குகிறது. அமெரிக்காவில் டிக்கின்சன் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் செத்த எலிக்குள் துடிக்கிற செயற்கை இதயம் வைத்துப் பார்த்து 2012-இல் இதைச் சொன்னார்கள். 2015-இல் அதே குழு இன்னொன்றும் காட்டியது, போவா மூச்சை அடைத்துக் கொல்வதில்லை, ரத்த ஓட்டத்தை நிறுத்திக் கொல்கிறது. துடிப்பில்லாத எலியைச் சில குட்டிகள் சந்தேகப்பட்டு விட்டுவிடும். லேசாக அசைத்தால் விடாது.

தின்றபின் இரண்டு நாள் தொடாதீர்கள். கக்கிவிட்டால் பதற்றத்தில் மறுநாளே இன்னொரு எலி போடாதீர்கள். பதினைந்து நாள் சும்மா விட்டு, சூடு சரியா என்று பார்த்து, முன்னதில் பாதி அளவு கொடுங்கள். இரண்டாம் முறையும் கக்கினால் மருத்துவரிடம் போய்விடுங்கள். ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை, பாம்பு வருவதற்கு முன்பே தேடிப் பெயரைக் குறித்து வையுங்கள்.

கையில் எடுப்பதில் பெரிய வித்தை எதுவுமில்லை. பெட்டி திறந்தாலே தீனி என்று நினைக்கும், ஆகவே எடுக்கும் முன் கொக்கியால் உடம்பை லேசாகத் தொட்டுவிடுங்கள். சில வாரத்தில் அதற்குப் பழகிவிடும். தலைக்கு மேலிருந்து கை நீட்டாமல் பக்கவாட்டில் நீட்டி, நடு உடம்பைத் தாங்கி எடுங்கள். கடித்தால் கையைப் பிடுங்காதீர்கள், பல் பின்னோக்கி வளைந்திருப்பதால் உங்கள் தோலும் கிழியும், அதன் பல்லும் உடையும். வாயோரம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் விட்டுவிடும். சுற்றியிருந்தால் வால் பக்கத்திலிருந்து பிரியுங்கள். பெண் எட்டடி ஆனபின் தனியாக இருக்கும்போது வெளியே எடுக்க வேண்டாம், கழுத்தில் மாலையாகப் போட்டுப் படம் எடுப்பதும் வேண்டாம்.

கண் பால் போல வெளுத்தால் சட்டை உரிக்கப்போகிறது என்று அர்த்தம். அந்தப் பத்து நாள் தீனியும் வேண்டாம், கையில் எடுக்கவும் வேண்டாம். உரித்த சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், தலைப்பக்கம் கண்ணாடி போல இரண்டு வட்டம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகத்தால் உரிக்காமல் ஈரம் கூட்டி அடுத்த முறைக்குக் காத்திருங்கள்.

வளர்க்க முடியாமல் போனால் வெளியே விடுவது மட்டும் ஒருபோதும் கூடாது. இங்கே குளிரில் பாம்பு செத்துவிடும். சூடான நாட்டில் வேறு மாதிரி. அரூபா தீவில் 1999-இல் தென்பட்ட போவா பெருகி, இன்றும் அங்கிருக்கும் பறவைகளையும் பல்லிகளையும் தின்றுகொண்டிருக்கிறது. செல்லமாக வளர்த்ததை யாரோ விட்டதுதான் தொடக்கம் என்று கருதுகிறார்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இது. பிரீடரிடம் ஆண் குட்டியை மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லுங்கள், ஒன்றிரண்டு வாரம் வைத்திருக்கக் கொஞ்சம் முன்பணம் கொடுங்கள். விவேரியத்தை வாங்கி, எல்லாவற்றையும் பொருத்தி, பாம்பில்லாமல் ஒரு வாரம் ஓட விடுங்கள். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் இரு பக்கச் சூட்டையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். குட்டி வந்தபின் முதல் ஏழு நாள் தண்ணீர் மாற்ற மட்டும் பெட்டியைத் திறங்கள், எட்டாம் நாள் முதல் எலி.